காற்றுக்காகச் செய்த தருமம்



திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, ஓவர்பிரிட்ஜ் வழியாக நடந்தே வந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் நடையில் யாரோ சிதறுகாய் உடைத்தார்கள். அந்தத் தேங்காய் வாசம் ஒரு நொடிதான் நின்றது. கிழக்கேகோட்டைக்குத் திரும்பிய பேருந்தின் புகை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. நுரையீரல் நலத்துக்காக நம்மவர்கள் செய்த தருமத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்த ஒரு நொடி வாசத்திலிருந்தே தொடங்குகிறேன்.

காசத்துக்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்றுதான் மருந்து. நோயாளியைக் காற்றிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோயாளர் இல்லம் நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து. 1917இல் கணித மேதை இராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். அந்த சௌரிமுத்துதான் தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தருகே 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அதை அரசு ஏற்றது. இன்று அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் இருக்கிறது.

இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பணமும் வேண்டுமே. 1904இல் டென்மார்க்கின் அஞ்சல் ஊழியர் ஐனார் ஹோல்பெல், கடிதத்தில் ஒட்டும் சிறு வில்லையை விற்றுப் பணம் திரட்ட வழி கண்டார். 1939இல் பிறந்த இந்தியக் காசநோய்ச் சங்கமும் பின்னாளில் அதே வழியில் டி.பி. சீல் விற்றது. பள்ளியில் வாத்தியார் கொண்டுவந்த சீலை நான் நோட்டு அட்டையில் ஒட்டிவைத்திருந்தேன். சிவப்பில், இரண்டு குறுக்குக் கட்டை போட்ட சிலுவை. அதே நாட்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர் காசநோய்க்குச் சிகிச்சை பெற்று ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். அவருடைய தட்டும் தம்ளரும் கொல்லைப்புறத் திண்ணையில் தனியே கிடந்தன. காசு கொடுத்தோம், கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

சிகிச்சை பெறுகிறவரிடமிருந்து தொற்றிவிடும் என்ற அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று 1959இலேயே சென்னை சொல்லிவிட்டது. அங்கே 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஓராண்டு மருந்தில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். சிகிச்சை வீட்டில் நடந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்றால், வீட்டுக் காற்றும் தெருக் காற்றும் நன்றாக இருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்குப் பதில் கேரளத்திலிருந்து வந்தது. பேராசிரியை மோனம்மா கோக்காட் போன்றவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர் நம் தமிழர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். காற்றைக் கெடுப்பது குற்றம் என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே 278ஆம் பிரிவு இருந்தது. 139 ஆண்டுகள் கழித்து அதற்கு உயிர் வந்தது. என் கணிப்பில், ஆஸ்பத்திரி கட்டியதற்கு ஈடான தருமம் இது.

சாலைத் தெருவில் கடை வைத்திருப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். கடையடைத்ததும் பிளாஸ்டிக் குப்பைக்குத் தீ வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். திரும்பி வந்ததும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.