மூணாவது டீச்சரைக் கேட்டால் செல்போனைக் காட்டாதீர்கள்

ஏற்காடு மலை, வெள்ளக்கடையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கலந்துரையாடலில் நம் ஆசிரியர் அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் படிப்பதற்காக இங்கே தருகிறோம்.



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தேன். எந்த வளைவில் டவர் போகும், எங்கே திரும்ப வரும் என்று டிரைவர் தம்பி மனப்பாடமா சொன்னார். இப்படிப்பட்ட ஊரில் வந்து செயற்கை நுண்ணறிவைப் பத்திப் பேசப்போறாரே இந்த ஆளுன்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். நான் 31 வருஷம் சாக்பீஸ் பிடிச்ச ஆளு. ரிட்டையர் ஆன பிறகுதான் என் பேத்தி இந்த ஏஐயைக் காட்டிக் கொடுத்தாள். அதனால் நிபுணராகப் பேசலை, வாத்தியாராகப் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 ஆனால்தான் மூணாவது ஆசிரியர். வகுப்பு எத்தனை? ஐந்து. டவுனில் இந்தக் கணக்கு அவ்வளவாக உறுத்தாது. மலையில் நாலு வீடு இங்கே, பத்து வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கிற இடத்தில் ஒரு பள்ளிக்கு 60 பிள்ளைகள் சேர்வதே பெரிய விஷயம். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று ஒரு டீச்சருக்கு. நாலு, ஐந்து இன்னொரு டீச்சருக்கு. ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா, ஐந்து வகுப்பும் ஒருத்தர் தலையில்.

இதே ஏற்காட்டில்தான் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும் இருக்கு. நடிகர் விக்ரம் படிச்ச பள்ளி. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறாங்க. அந்தப் பள்ளியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மலையில், அதே பனிமூட்டத்தில், நம்ம பிள்ளை டீச்சர் தன் பக்கம் திரும்ப முக்கால் மணி நேரம் ஸ்லேட்டோடு காத்திருக்கு. அந்த முக்கால் மணி நேரத்தில் ஏஐ என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூணு நிலை. ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையும் இருக்கும், கதை படிக்கிற பிள்ளையும் இருக்கும். ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடு என்பது அதன் உள்ளர்த்தம். நல்ல யோசனை. ஆனால் மூணு நிலைக்கும் மூணு பயிற்சித்தாளை யார் எழுதுவது? ராத்திரி பத்து மணிக்கு, சமையல் முடிச்சிட்டு, அந்த டீச்சர்தான்.

இங்கேதான் இது கை கொடுக்கும். போனில் இப்படிக் கேளுங்கள்: "ஒரு மலைக் கிராமத்துச் சிறுமி காப்பித் தோட்டத்தில் காட்டெருமையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறாள். இதை எளிய தமிழில் 12 வாக்கியக் கதையாக எழுது. பிறகு அதே கதையை 6 வாக்கியத்தில், வாக்கியத்துக்கு நாலு சொல்லுக்கு மிகாமல் எழுது. பிறகு கதையில் வருகிற 10 சொற்களை மட்டும் தனியாகக் கொடு." மலருக்கு முழுக்கதை, மொட்டுக்குச் சின்னக்கதை, அரும்புக்குச் சொற்கள். மூணு பிள்ளைக்கும் கதை ஒன்றுதான். அரும்பில் இருக்கிற பிள்ளைக்குத் தான் வேற, தாழ்ந்தவன் என்று தோணாது. டவர் கிடைக்கிற இடத்தில் ராத்திரியே எடுத்து நோட்டில் எழுதிக்கிட்டா, காலையில் பள்ளியில் சிக்னல் இல்லாமலே பாடம் நடத்தலாம். இதுக்கு ஸ்மார்ட் போர்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

ஆனால் அது கொடுக்கிறதை அப்படியே போர்டில் எழுதாதீங்க. நான் சோதனையாக ஒரு கணக்கு கேட்டேன். பாடப் புத்தகத்துக் கணக்கை எடுத்து, காப்பி வைத்து மாற்றிக் கொடு என்றேன். 10 கிலோ காப்பிப் பழத்திலிருந்து 8 கிலோ கொட்டை கிடைத்தால் என்று ஆரம்பித்தது! இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களே சிரிக்கிறீங்க பாருங்க. பழம் பறிக்கிற உங்களுக்குத் தெரியும், ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ தேறினால் பெரிசு. கணக்கு சரி, காப்பி தப்பு.

இதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. "ஏற்காடு மலையில் வாழும் மலையாளி மக்களைப் பற்றி எழுது" என்று கேட்டேன். ஓணம் கொண்டாடுவார்கள், கதகளி ஆடுவார்கள், மலையாளம் பேசுவார்கள் என்று அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவங்க எங்க முன்னோர்னு கதை சொல்கிற, தமிழ் பேசுகிற, மலையை ஆள்கிற மலையாளிகளைக் கேரளாவுக்கு அனுப்பி வச்சிருச்சு!

ஏன் இப்படி? அந்த இயந்திரம் எதையும் நேரில் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. மலையாளி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது அதிகமாகப் பார்த்தது கேரளத்தை. சேர்வராயன் மலையைப் பத்தி யாரும் நிறைய எழுதி வைக்கலை, அதனால் அதுக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லவும் அதுக்கு வரலை.

இந்தத் தப்பையே பாடமாக்கலாம் டீச்சர். அந்த ஒரு பக்கத்தைப் பெரிய பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, எது தப்புன்னு கண்டுபிடிங்கன்னு விடுங்க. வீட்டுக்குப் போய் ஆயாவிடம் கேட்டு வந்து திருத்தட்டும். ஆயா சொல்கிற கதையை அவங்க சம்மதத்தோட போனில் பதிவு பண்ணி, பேச்சை எழுத்தாக்குகிற வசதியில் போட்டால் அரைகுறையாகவாவது எழுதித் தரும். மலைப் பேச்சு அதுக்குப் பிடிபடாது, நிறைய தப்பு வரும், உட்கார்ந்து திருத்தணும். திருத்தி முடித்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வாசிப்புப் பாடம் உங்க பள்ளிக்குக் கிடைக்கும்.

போன் டீச்சர் கையிலேயே இருக்கட்டும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வகுப்பறையில் பிள்ளைகள் இதை நேரடியாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகணும் என்று சொல்லியிருக்கு. தொடக்கப் பள்ளியில் பேச்சே இல்லை. அப்புறம், பிள்ளையின் பெயர், சாதிச் சான்றிதழ் விவரம், போட்டோ, மருத்துவ விவரம் எதையும் அதில் போடாதீங்க. "இன்னார் மகன் படிப்பில் மந்தம், என்ன செய்யலாம்" என்று எழுதினால் அது எந்த ஊர் கம்ப்யூட்டரில் போய் உட்காருமோ. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்னுதான் சொல்லுது. பெயர் இல்லாமல் "மூன்றாம் வகுப்பு மாணவர், ல ள ழ குழம்புகிறது" என்று கேட்டாலே போதும், பயிற்சி கொடுத்துடும்.

இப்போ அரசியலுக்கு வருகிறேன், நம்ம மேடையாச்சே.

டிஎன் ஸ்பார்க் என்று 2025இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் ரோபாட்டிக்ஸும் பாடமாக வந்திருக்கு. நல்லது. ஆனால் பிள்ளை ஏஐ படிப்பது வேறு, டீச்சர் ஏஐயை வேலைக்கு வைத்துக்கொள்வது வேறு. பக்கத்துக் கேரளத்தில் 2024 மே மாதம் 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி கொடுப்பது என்று இலக்கு வைத்து ஆரம்பித்தார்கள். வீடியோ லிங்க் அனுப்பிக் கைகழுவவில்லை. 25 பேர் கொண்ட குழுவாக உட்கார வைத்து 3 நாள் பயிற்சி. மலைப் பள்ளி ஆசிரியருக்கு அப்படித்தான் வேணும். அதையும் மலை மேலேயே வந்து நடத்தணும். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களை மறக்காமல் சேர்க்கணும்.

என் பயம் ஒன்றையும் சொல்லிடுறேன். ஏஐ வந்து டீச்சருடைய ராத்திரி வேலை ஒரு மணி நேரம் குறைந்தால், அந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்குப் போகணும். எமிஸில் இன்னும் நாலு பதிவு ஏத்துங்கன்னு போகக் கூடாது. அதைவிட மோசமாக, நாளைக்கு ஒரு பெற்றோர் போய் "எங்க பள்ளிக்கு மூணாவது டீச்சர் வேணும்" என்று கேட்கும்போது, "அதான் ஆப் இருக்கே" என்று யாராவது சொன்னால்? எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும், நம்ம கட்சியாகவே இருந்தாலும், அன்றைக்கு நான் இதே வெள்ளக்கடைக்கு வந்து எதிர்த்து உட்காருவேன். காலையில் வராத பிள்ளையைத் தேடி, காப்பி எடுப்புக்குப் போன வீட்டு வாசலில் போய் நிற்பது எந்த ஆப்பும் செய்யாத வேலை. இங்கே இருக்கிற டீச்சர்கள் அதைத் தினமும் செய்கிறார்கள்.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு லைக் போடுவதோடு விடாதீங்க. உங்க ஊர் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நடை போங்க. எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர் என்று கேட்டு எழுதிட்டு வாங்க. சட்டப்படி இருக்க வேண்டிய ஆசிரியர் இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்க, அந்த நகலோடு நம்ம ஒன்றிய அலுவலகத்துக்கு வாங்க. ஐடி வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் யாராவது ஒரு சனிக்கிழமை ஒதுக்க முடிந்தால், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூணு நிலைப் பயிற்சித்தாளை எடுத்துக் காட்டிட்டு வாங்க. டீச்சர் தப்பு சொன்னால் கேட்டுக்குங்க. காப்பிக் கணக்கு உங்களுக்கும் தெரியாது.

பின்வரிசையில் ஒரு டீச்சர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கிட்டு இருக்காங்க. மைக்கை அவங்க கிட்ட கொடுங்கப்பா.