கடினமான கேம்களும் ஐபி முகவரியும்: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் விளையாடும் சண்டை கேம்கள், இணையத்தில் நம் ஐபி முகவரியின் பாதுகாப்பு என்று இரண்டு தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் தோற்ற யாரோ ஒருவன், "உன் ஐபி என்கிட்ட இருக்கு, உன் வீடு எங்கேன்னு தெரியும்" என்று உங்கள் பிள்ளைக்குச் செய்தி அனுப்புகிறான். அந்த ஒரு வரிக்குப் பிள்ளையும் பயப்படக்கூடாது, நீங்களும் பயப்படக்கூடாது. இன்றைய பேச்சு அதற்காகத்தான்.

முதலில் கேம்கள். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் டார்க் சோல்ஸ், 2019-இல் செகிரோ, 2022-இல் எல்டன் ரிங் ஆகியவற்றை வெளியிட்டது. மூன்றும் கடினத்துக்குப் பேர்போனவை. அமெரிக்கத் தரக்குறியீட்டின்படி மூன்றுமே 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியவை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரே எதிரியிடம் முப்பது முறை செத்து, முப்பத்தோராவது முறையும் உட்காருகிறானே, இதில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். எல்டன் ரிங்கில் மார்கிட் என்றொரு எதிரி. கோலை ஓங்கியவன் உடனே அடிக்க மாட்டான்; ஒரு கணம் தாமதிப்பான். பதறி முன்கூட்டியே உருண்டவர்கள் அடி வாங்குவார்கள். பொறுத்திருந்து பார்க்கக் கற்றவர்கள் தப்புவார்கள். செகிரோவில் எதிரியின் வாள் வந்து படுகிற நொடியில் தடுத்தால் பொறி பறக்கும், அவன் நிலை குலையத் தொடங்கும். சாதாரணமாகத் தடுக்க முடியாத அடி வருமுன் சிவப்பு எழுத்தொன்று திரையில் மின்னும். ஒவ்வொரு அடிக்கும் முன்னறிவிப்பு உண்டு. தோற்றால் ஏன் தோற்றோம் என்பது கண்முன்னே தெரியும். நேற்று பத்து நொடி தாக்குப்பிடித்தவன் இன்று இரண்டு நிமிடம் நிற்கிறான். அந்த முன்னேற்றத்தை அவனே பார்க்கிறான். சுகம் அங்கேதான் இருக்கிறது. எல்டன் ரிங்கில் மெனுவைத் திறந்தாலும் சண்டை நிற்காது. அதனால் சாப்பிடக் கூப்பிடும்போது "ஒரு நிமிஷம்மா" என்று பதில் வந்தால், சில சமயம் அது உண்மையாகவே ஒரு நிமிடம்தான்!

இனி இரண்டாவது விஷயம். செகிரோ தனியாள் ஆட்டம். அதில் வேறு மனிதர் வரமாட்டார். டார்க் சோல்ஸிலும் எல்டன் ரிங்கிலும் முன்பின் தெரியாதவர் உதவிக்கும் வரலாம், வாளோடு படையெடுத்தும் வரலாம். டார்க் சோல்ஸ் போன்ற பல கேம்களில் அப்போது இருவர் கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அதற்கு ஒன்றின் ஐபி முகவரி மற்றொன்றுக்குத் தெரிய வேண்டும். எதிராளி அனுப்பும் இணைப்பை அழுத்தினாலும் அந்தப் பக்கத்தை வைத்திருப்பவருக்கு நம் முகவரி போய்விடும்.

அதை வைத்து அவரால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் எது, ஏறக்குறைய எந்த ஊர், அவ்வளவுதான். அந்த ஊரும் பல நேரம் தவறாகவே காட்டும். பிளாக் எண், கதவு எண், பெயர் எதுவும் அதில் கிடையாது. இந்த நேரத்தில் இந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பது இணைப்பு தரும் நிறுவனத்துக்குத்தான் தெரியும். சட்டப்படி கேட்கும் அதிகாரிக்கு அதைக் கொடுப்பார்கள், விளையாடத் தோற்றவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே "வீடு தெரியும்" என்பது பெரும்பாலும் வெறும் மிரட்டல். பிள்ளையே பேச்சுவாக்கில் பள்ளிப் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் சொல்லியிருந்தால்தான் கவலை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிஜமான தொல்லை வேறு. அந்த முகவரிக்குக் குப்பைத் தகவல்களை வெள்ளமாக அனுப்பி இணைப்பை முடக்க முடியும். ஆட்டம் அறுந்துபோகும், அதே இணைப்பில் நீங்கள் செய்யும் அலுவலக வேலையும் நின்றுபோகும். பல நிறுவனங்களின் இணைப்பில், ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடும். மாறாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் சொல்லுங்கள். மிரட்டல் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள், பதில் அனுப்ப வேண்டாம். தொடர்ந்தால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். நம் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்: காசு கொடுத்து அடுத்தவர் இணைப்பை முடக்குவது விளையாட்டில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேமைப் புதுப்பித்து வைப்பதும் முக்கியம். டார்க் சோல்ஸ் 3-இல் எதிராளி உங்கள் கணினியிலேயே தன் நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்ததும், 2022 ஜனவரியில் அந்த வரிசையின் கணினிப் பதிப்புகளுக்கான சர்வர்களை நிறுத்தினார்கள். டார்க் சோல்ஸ் 3 அந்த ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. தனியாக ஆடும் நாட்களில் எல்டன் ரிங்கை இணையம் இல்லாமல் தொடங்கும்படி அதன் அமைப்புகளிலேயே மாற்றலாம்.

விபிஎன் போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். எதிராளியிடமிருந்து முகவரி மறையும், ஆனால் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். 2022-இல் வந்த செர்ட்-இன் உத்தரவின்படி, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தவிர, சுற்றிப் போவதால் பெரும்பாலும் தாமதம் கூடும். கண நேரத்தில் தடுக்க வேண்டிய ஆட்டத்தில் அதுவே தோல்வி. இலவச விபிஎன் எதையும் ஆராயாமல் போட வேண்டாம்.

கடைசியாக சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பொது அறை வைஃபையில் எத்தனை பேர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. ஒருவர் செய்யும் தப்புக்கு விசாரணை முதலில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். அது நம் சங்கம். சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு தனிக் கடவுச்சொல் கொடுக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த எதிரியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். அதைக் கேட்கிற அப்பா அம்மாவிடம்தான், மிரட்டல் வந்தால் அதையும் வந்து சொல்வான்.