நோயாளரும் பணியாளரும்



மனநோய் மருத்துவமனை ஒன்றினுட் புகும் அந்நியர் ஒருவருக்கு, அங்கு நடமாடுவோருள் நோயாளர் யார், பணியாளர் யார் என்று பிரித்தறிவதற்கு முற்காலத்தில் ஓர் எளிய வழி இருந்தது. இடையிலே திறவுகோற் கொத்துத் தொங்குமாயின் அவர் பணியாளர், தொங்காதாயின் நோயாளர். உடை ஏமாற்றலாம், பேச்சு ஏமாற்றலாம், திறவுகோல் ஏமாற்றாது. கதவைத் திறந்து வெளியே செல்லத்தக்கவர் ஒரு சாராரும், செல்லத்தகாதவர் மறு சாராருமாக அவ்வுலகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இவ்விரு சாராருள்ளும் ஒருங்கே சேர்ந்த ஒருவர் இருத்தல் கூடுமா, மனநோய்க்கு மருந்துண்பவரே மனநோயாளரைப் பேணும் பணியையும் செய்யலாமா என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

“பைத்தியத்துக்குப் பைத்தியமா வைத்தியம் பார்ப்பது?” என்று கேட்டுச் சிரிப்போர் பலர் உளர். நம் நாட்டிலே அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் ஒரு வசைமொழியாகவே வழங்கி வந்துள்ளது. அங்குள்ள மருத்துவமனை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிய பின்னரும் அவ்வசை முற்றாக ஒழிந்தபாடில்லை. நீரிழிவு உள்ள வைத்தியர் நீரிழிவுக்கு மருந்து எழுதினால் எவரும் நகைப்பதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்த கண் வைத்தியரை நாம் ஐயுறுவதுமில்லை. மனநோய் என்ற அளவில் மாத்திரம் நம் நியாயம் மாறிவிடுகின்றது. எனினும் இந்த ஆட்சேபத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் நான் துணியேன். சத்திரவைத்தியருக்குக் கத்தி எப்படியோ, மனநோயாளரைப் பேணுவார்க்கு அவர்தம் மனமே அப்படிக் கருவியாகின்றது. கருவி பழுதுபட்ட வேளையில் வேலை என்னாகும் என்று கேட்பது தவறாகாது. அக்கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

பிரான்சு தேசத்துத் தலைநகராகிய பாரிஸை அடுத்து பிசேத்திர் என்னும் பெரிய மருத்துவமனை இருந்தது. 1771 ஆம் ஆண்டிலே கண்டமாலை நோயுடன் அங்கே வந்து சேர்ந்தார் புசேன் என்னும் ஒருவர். தோல் பதனிடுவது அவர் தொழில். நோய் நீங்கிய பின் அவர் ஊர் திரும்பினாரல்லர்; அங்கேயே பணியாளராக அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, மனநோயாளர் பகுதிக்கு மேற்பார்வையாளரானார். அவருக்கு வந்தது உடல்நோயேயன்றி மனநோயன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் நோயாளர் படுக்கையிலே கிடந்து அந்நிலையத்தைப் பார்த்தவர் அவர். பின்னர் அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. தமது பகுதிக்கு வேலையாட்கள் வேண்டியபோது, நோய் தணிந்து தேறிவரும் மனநோயாளரையே இயன்றவரை தேர்ந்து நியமித்தார். கை நீட்டி அடியாதவர், கடுமை காட்டாதவர், பிறர் அழுகையைக் கண்டு எரிச்சலுறாதவர் அவர்களே என்பது அவர் கண்ட அனுபவம். 1797 ஆம் ஆண்டில் பிசேத்திர் மனநோயாளரைப் பிணித்திருந்த இரும்புச் சங்கிலிகளை நீக்குவித்தவரும் இவரே. பிற்காலத்து ஓவியர் அப்புகழைப் பினெல் என்னும் பெரும் வைத்தியருக்கே சூட்டிப் படம் வரைந்தனர். பினெல் நேர்மையாளர். 1793 இல் பிசேத்திருக்கு வந்த அவர், கல்லாத இம்மேற்பார்வையாளரிடம் தாம் கற்றவற்றை மறைக்காது தம் நூலில் எழுதினார். தாம் வேறு மருத்துவமனைக்கு மாறிய பின் 1802 இல் புசேனையும் அங்கே வருவித்துக்கொண்டார்.

அடுத்து அமெரிக்கர் ஒருவர். கிளிபோட் பியேர்ஸ் என்பது அவர் பெயர். 1876 இல் நியூ ஹேவன் நகரிற் பிறந்து, 1897 இல் யேல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவர். தமையனார் ஒருவர்க்கு வந்த நோய் தமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் அவரை அரித்துக்கொண்டேயிருந்தது. 1900 ஆம் ஆண்டிலே தம் உயிரை மாய்க்க முயன்று, அருந்தலாகத் தப்பினார். அதன்பின் மூன்றாண்டு காலம் மூன்று மருத்துவமனைகளில் அவர் இருந்தார். பொலிசார் தம்மைச் சூழ்ந்து நிற்கின்றனர் என்றும், தம்மைப் பார்க்க வரும் சகோதரர் உண்மையான சகோதரரல்லர், வேடம் பூண்ட ஒற்றர் என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

இந்நம்பிக்கை கலைந்த விதம் விந்தையானது. அவரே ஒரு சோதனை வகுத்தார். மருத்துவமனையார் அறியாதபடி, தம் சகோதரரின் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். “நீர் என் மெய்ச் சகோதரரானால் இக்கடிதம் உம் கைக்குக் கிடைக்கும், வரும்போது இதனையே கையிற் கொண்டு வாரும்” என்பது அதன் கருத்து. 1902 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் சகோதரர் வந்தார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். ஈராண்டுக்கு மேலாக அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய ஐயக்கோட்டை ஒரு நாளிலே தகர்ந்தது. இதில் நான் வியப்பது யாதெனின், எந்த வைத்தியரும் கைக்கொள்ளாத ஓர் உபாயத்தை நோயாளரே கண்டார் என்பதுதான். மயங்கிய அறிவினுள்ளும் மயங்காத ஒரு மூலை இருந்து வேலை செய்தது.

அம்மயக்கம் நீங்கியும் அவர் துன்பம் நீங்கவில்லை. துயரம் போய் அடங்காத பரபரப்பு அவரைப் பிடித்தது. கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் சட்டையை மாட்டி, குளிர் மிகுந்த சிற்றறையில் அடைத்து வைத்தனர். பணியாளர் சிலர் அடித்தனர். அவற்றையெல்லாம் நினைவில் இருத்தி, 1903 இல் வெளிவந்தபின் எழுதலானார். இடையிலே 1905 இல் மீண்டும் மனம் பரபரப்படைவதை உணர்ந்தபோது, எவரும் வற்புறுத்தாமல் தாமே ஒரு மருத்துவமனைக்குச் சென்று சிறிது காலம் தங்கினார். 1908 இல் அவர் நூல் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞரின் முன்னுரையுடன் வெளிவந்தது. அதே ஆண்டில் கனெற்றிக்கற் மாநிலத்தில் மனநலச் சங்கம் ஒன்றையும், 1909 இல் தேசம் முழுவதற்குமான சபை ஒன்றையும் அவர் நிறுவினார். அச்சபையிலே ஊதியம் பெறும் செயலாளராகவே முப்பது ஆண்டளவும் உழைத்தார். 1930 இல் வாஷிங்டனிற் கூடிய முதலாவது அனைத்துலக மனநல மாநாட்டுக்கு அவரே முதற்காரணர். பேராசிரியரும் பிரபலரும் நிறைந்த அவையிலே, ஒரு காலத்தில் கட்டுச்சட்டை அணிந்திருந்தவர் நின்று பேசினார்.

பியேர்ஸ் இருந்த மூன்று மருத்துவமனைகளுள் ஒன்று ஹாட்போட் நகரிலுள்ளது. அது பின்னர் வேறு பெயர் பெற்றது. 1961 ஆம் ஆண்டு, அதே இடத்துக்குப் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் இயல்பு அவளை விட்டு நீங்கவில்லை. மருந்துகள் கொடுத்தனர், மின்னதிர்ச்சி கொடுத்தனர், தனியறையில் வைத்தனர். ஈராண்டுக்கு மேல் கழிந்து, பெரிய நன்மை எதுவும் இன்றியே அவள் வெளியேறினாள். அப்பெண்ணே மாஷா லினெகன். பின்னர் உளவியல் கற்று, சியற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியையாகி, தம்மைப்போலத் துன்புற்றார்க்கென்றே ஒரு சிகிச்சை முறையை அவர் வகுத்தார். இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று அதனைச் சொல்லலாம். நோயாளரை உள்ளபடியே ஏற்றுக்கொள்வதும், அவர் மாறவேண்டும் என்று வற்புறுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். அவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வதே அம்முறையின் சாரம். முதற் பரிசோதனை முடிவுகளை 1991 இல் அவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது பயிலப்படுகின்றது.

தம் பழைய கதையை அவர் நெடுங்காலம் வெளியிற் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த தழும்புகளைக் கண்ட நோயாளி ஒருத்தி, “நீங்களும் எங்களில் ஒருவரா?” என்று ஒருமுறை கேட்டாளாம். 2011 ஆம் ஆண்டிலே, தாம் அடைபட்டிருந்த அதே ஹாட்போட் மருத்துவமனையின் மேடையில் நின்று, தம் வரலாற்றை முதன்முறையாகப் பலரறிய அவர் கூறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஐம்பது ஆண்டுகள் ஓர் அறிஞர் வாய்மூடி இருக்க வேண்டியிருந்ததே என்று எண்ணும்போது, குற்றம் அவரிடமா, கேட்டிருக்கக்கூடிய நம்மிடமா என்று கேட்கத் தோன்றுகின்றது.

இனி, முன்னே நிறுத்திவைத்த கேள்விக்கு வருவோம். புசேனும் லினெகனும் நோய் நீங்கிய பின்னரே பணி புரிந்தவர்கள். நோயும் பணியும் ஒரே காலத்தில் அமைந்தால் என் செய்வது? இதற்கு விடை சொல்லத்தக்கவர் கே ஜேமிசன் என்னும் அம்மையார். 1974 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் உளமருத்துவப் பகுதியில் ஆசிரியப் பதவி ஏற்ற சில மாதங்களுக்குள் அவரைக் கடுமையான மனவெழுச்சி நோய் பிடித்தது. களிப்பும் துயரமும் மாறி மாறி எல்லை கடக்கும் நோய் அது. லிதியம் என்னும் மருந்து அவரை மீட்டது. தேறிவிட்டோம் என்று எண்ணி அம்மருந்தை விட்டபோதெல்லாம் நோய் மீண்டது. ஒருமுறை சாவின் வாயில்வரை சென்று வந்தார். அதே காலத்தில் அந்நோய்க்கென்றே சிகிச்சை நிலையம் ஒன்றையும் அவர் நடத்தினார்; 1990 இல் மற்றோரறிஞருடன் சேர்ந்து அந்நோய்பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றினார். 1995 இல் தம் நோயைத் தாமே எழுதி வெளியிட்டார். அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் விடை இது: கருவி பழுதுபடும் என்ற அச்சத்துக்கு மருந்து, நோயை மறைப்பதன்று, ஒழுங்காக வைத்தியம் பெறுவதும், தம் நிலை தளர்ந்தால் இடித்துரைக்கத்தக்க சகாக்கள் சிலரேனும் உண்மையை அறிந்திருப்பதுமாம். மறைத்தவரே ஆபத்தானவர். மறைத்தால் மருந்தும் ஒளிவாகவே உண்ண நேரும். ஒளிவாக உண்ணும் மருந்து விரைவில் நின்றுபோகும்.

சொல்வது எளிது. எனக்குத் தெரிந்த தாதி ஒருவர், மனநலப் பகுதியிலே பணிபுரிபவர், மாதந்தோறும் தம் ஓய்வு நாளில் விடியற்காலை பஸ் ஏறி வேறொரு மாவட்டத்துக்குச் சென்று மருந்து பெற்று வருகின்றார். தாம் வேலை செய்யும் இடத்திலேயே அதே மருந்து உண்டு. கொடுக்கவும் கைகள் உண்டு. ஆயினும் அங்கே பெயர் பதிந்தால், மறுநாள் தேநீர் வேளையில் எல்லோர் பார்வையும் வேறாகிவிடும் என்று அவர் அஞ்சுகின்றார். பின்னொரு நாள் ஒரு நோயாளிபற்றி அவர் மாறுபட்ட கருத்துச் சொன்னால், “அவவுக்கும் சுகமில்லைத்தானே” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்களாம். இது கற்பனை அச்சமன்று. பணியாளரை அவர்தம் மருத்துவமனையே பேணுவதில் மெய்யான இடர்கள் உள. நேற்று ஒருவர்க்கு மேலதிகாரியாயிருந்தவர் இன்று அவர்க்கு வைத்தியராவது முறையன்று. தம்முடன் ஒரே மேசையில் இருப்பவரின் நோய்க் கோவையைப் புரட்டிப் பார்க்கும் ஆவலை எல்லோரும் அடக்கிக்கொள்வார் என்றும் சொல்லமுடியாது. வேறிடத்தில் வைத்தியம் பெறும் வசதியை நிர்வாகமே ஒழுங்கு செய்து கொடுக்கலாம். அல்லது கோவையைத் தனியே பூட்டி வைத்து, திறப்போர் பெயரைப் பதியலாம். மின்னியற் பதிவேடு வந்துள்ள இடங்களில் எவர் எப்போது திறந்தார் என்பதை அறிவதும் எளிதாயிற்று. பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல இவை.

மேல்நாடுகளில் இப்போது மற்றொரு வழக்கமும் வேரூன்றியுள்ளது. மனநோயுற்றுத் தேறியவரை, அந்த அனுபவத்துக்காகவே பயிற்றி, சம்பளம் கொடுத்து, மருத்துவமனைகளில் நியமிக்கின்றனர். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1999 ஆம் ஆண்டிலே இவ்வேலைக்கு அரசாங்க மருத்துவக் காப்பு நிதியிலிருந்து பணம் செலுத்தும் ஏற்பாடு வந்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. இங்கிலாந்திலும் இத்தகைய பணியாளர் உளர். புதிதாக வந்து மிரண்டிருக்கும் நோயாளியின் அருகில் அமர்ந்து, “இந்த மருந்தால் முதல் இரண்டு கிழமை வாய் உலரும், கை நடுங்கும், பின்னர் குறையும், நான் உண்டவன்” என்று சொல்ல அவரால் முடியும். வைத்தியர் அதனையே சொன்னால் அது தகவல். இவர் சொன்னால் நோயாளி நம்புகின்றார். ஆனால் இவர்களை அழைத்துவிட்டுத் தேநீர் எடுத்துவரவும் கோவை சுமக்கவும் மாத்திரம் ஏவும் நிலையங்களும் உண்டு. குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் கைகளாக எண்ணி இவர்களைச் சேர்ப்பதாயின், சேர்க்காமலே விடலாம். நோய் மீண்டால் விடுமுறை உண்டா, திரும்பி வந்தால் அதே வேலை உண்டா என்ற இரண்டையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்.

நோய் மீள்வதும் உண்டு. பியேர்ஸ் 1939 ஆம் ஆண்டிலே தம் பதவியிலிருந்து விலகி, றோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பட்லர் மருத்துவமனையில் மீண்டும் நோயாளராகச் சேர்ந்தார். நாலாண்டு அங்கேயே இருந்து 1943 இற் காலமானார். அதனால் அவர் முப்பதாண்டு செய்த வேலை பொய்யாகிவிட்டது என்று கூறுவாரும் உளர். உடலுழைப்பாளி ஒருவர் முதுமையில் முதுகுவலியோடு படுத்தால், அவர் கட்டிய வீடு இடிந்ததாக நாம் கருதுவதில்லை.

இதனைக் கேட்டுக்கொண்டிருப்போருள் மருத்துவமனைப் பணியாளரும் இருக்கலாம். உறக்கமின்றி, உற்சாகமின்றி, எவரிடமும் வாய் திறவாது வேலைக்குப் போய் வருவோரும் இருக்கலாம். தேசிய மனநல நிறுவகம் தொலைபேசி வழியே உதவி அளித்துவருகின்றது. அதன் இலக்கம் 1926. எவரும் அழைக்கலாம்.