மூளை எத்தனை நாள் காத்திருக்கும்?

1688இல் டப்ளின் நகரத்து வில்லியம் மாலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவியே அறிந்தவர். பார்வை கிடைத்ததும், தொடாமலே எது எதுவென்று சொல்வாரா? முந்நூறு ஆண்டு வாதத்துக்கு இந்தியாவில் தெளிவான சோதனை நடந்தது. பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்து தில்லியில் சிகிச்சை பெற்ற ஐந்து பிள்ளைகளைச் சோதித்த முடிவுகள் 2011இல் வெளியாயின. வயது 8 முதல் 17. கண்ணால் கண்டதைக் கண்ணால் அடையாளம் காட்டிவிட்டார்கள். கையால் தடவிய பொருளைக் கண்ணால் காட்டச் சொன்னபோது தடுமாறினார்கள். சிலரிடம் அந்தத் தடுமாற்றம் நாள் கணக்கிலேயே குறைந்தது.

அப்படியானால் பார்வை முழுக்கக் கற்றதுதானா? அதே திட்டத்தின் 2015 ஆய்வு அதை மறுக்கிறது. சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நம் கண்ணுக்கு இரண்டாவது நீளமாகத் தெரியும். சுவர் மூலைகளைப் பார்த்துப் பழகியதால்தான் இந்த மயக்கம் என்று பலர் விளக்கி வந்தார்கள். அறுவையால் பிறவிக் கண்புரை நீங்கிய ஒன்பது பிள்ளைகளும் எடுத்த எடுப்பிலேயே மயங்கினார்கள். புரையின் ஊடே வெளிச்சம் போயிருக்குமே என்று கேட்கலாம். போயிருக்கும், ஆனால் மங்கிய வெளிச்சம் அம்புத்தலையைக் கற்றுத்தராது. பார்வையின் அடிப்படைக் கட்டமைப்பு பிறவியிலேயே வருகிறது என்றுதான் நான் கொள்கிறேன்.

பிறவியில் வந்தது தானாக நிலைக்கும் என்று எண்ணுவதே ஆபத்து. நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெல், வீசெல் இருவரும் 1963இல் காட்டியது இதை: கண் திறந்து உலகைப் பார்க்காத பூனைக்குட்டியின் மூளைச் செல்களும் கோடுகளின் சாய்வுக்கு ஏற்ப இயங்குகின்றன, ஆனால் குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதம் மூடிவைத்தால், பெரும்பாலான செல்கள் அந்தக் கண்ணைக் கைவிட்டு மறு கண்ணுக்குப் போய்விடுகின்றன. வளர்ந்த பூனையில் அப்படி நேர்வதில்லை. பூனைக்கு உள்ளது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்பாருக்கு, பிறவிக் கண்புரைக் குழந்தைகளே விடை. ஒரு கண்ணில் முழுப் புரை இருந்தால் ஆறு வாரத்துக்குள், இரு கண்ணிலும் இருந்தால் எட்டு வாரத்துக்குள் அறுவை என்று கண் மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். பிந்தினால் கண் தெளிந்தாலும் மூளை பின்தங்கும். அதற்காக, வயது கடந்த பிள்ளையைக் கைவிடக் கூடாது. எட்டு வயதுக்குப் பின் அறுவை செய்தவர்களிலும் சிலருக்குப் பார்வைத் திறன் கூடியதைப் பிரகாஷ் திட்டம் பதிவு செய்திருக்கிறது. கூர்மை முழுமையாக வராது, அவ்வளவே.

சமவெளியிலுள்ள எலவனாசூர்கோட்டையில் பிறக்கும் குழந்தைக்கும் கல்வராயன் மலையில் பிறக்கும் குழந்தைக்கும் அந்த எட்டு வாரம் ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கி வரும் வழிதான் நீளம். ஆகவே பிரசவ வார்டிலேயே கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். சிவந்த ஒளிக்குப் பதில் வெண்மை தெரிந்தால் "கொஞ்சம் வளரட்டும்" என்று யாரும் சொல்லக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் கண்புரையும் இருக்கிறது. அறுவைக்குப் பின் கண்ணாடியும், ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தவர்களுக்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் ஆண்டுக் கணக்கில் தொடர வேண்டும். அந்தத் தொடர்ச்சிக்குத்தான் தாய்க்கு ஊரின் துணை வேண்டும்: பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, கூட வர ஓர் ஆள்.