முற்றத்திற்குச் சென்ற பள்ளி



எளியோர் வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய பேச்செடுத்தால் கட்டடம், உணவு, விளையாட்டுப் பொருள் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. அக்குழந்தையைப் பெற்றவளிடம் கலந்து பேசுவது பெரும்பாலும் கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றிக் காட்டியவர்கள் மராட்டியப் பெண்மணியர் இருவர்: தாராபாய் மோடக், அனுதாய் வாக்.

தாராபாய், பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவுடன் பணியாற்றி மாண்டிசோரி முறையில் தேர்ந்தவர். அம்முறைக்குரிய கருவிகளோ விலைமிக்கவை. நகரத்துச் செல்வர் பிள்ளைகளுக்கே எட்டுபவை. 1945ஆம் ஆண்டில் மும்பைக்கு வடக்கேயுள்ள கடலோரச் சிற்றூராகிய போர்டியில் அவர் பாலவாடி தொடங்கினார். இளமையிலேயே கைம்மையுற்று, பின்னர்ப் படித்து ஆசிரியரான அனுதாய் துணை நின்றார். சிப்பி, கூழாங்கல், விதை, இலை ஆகியவையே அங்குக் கல்விக் கருவிகளாயின.

ஆயினும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது அரிதாயிருந்தது. ஆகவே ஆசிரியர்கள் அக்குடியிருப்புக்கே சென்று, வீட்டு முற்றத்தில் பள்ளியை நடத்தினர். மராட்டியில் அங்கண் என்றால் முற்றம். தமிழிலும் அங்கணம் என்ற சொல்லுக்கு அப்பொருள் உண்டு. இன்று அவ்வாறு வழங்குவது அரிது. அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது அந்த முற்றத்தில்தான்.

இடம் மாறியதால் உறவும் மாறியது. பள்ளிக்கு வந்த தாய், பிறர் வாசலில் நிற்கும் அயலாள். தன் முற்றத்திலோ அவளே வீட்டுக்காரி, ஆசிரியைதான் விருந்தினர். அரிசி புடைத்துக்கொண்டே அவளால் கேள்வி கேட்க முடியும். பிள்ளை ஏன் நேற்று வரவில்லை என்பதை ஆசிரியையும் கேளாமலே கண்டுகொள்ளலாம்.

1957இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி பழங்குடியினரிடையே சென்றது. அங்கே பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டனர். மற்றவர்கள் மாடு மேய்க்கச் சென்றனர். 'அக்கறையற்ற மக்கள்' என்று தீர்ப்புக் கூறுவது எளிது. எங்கும் வழக்கமாகக் கூறப்படுவதும் அதுவே. அவ்விருவரும் அவ்வாறு கூறவில்லை. குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்து, அதற்கு விகாசவாடி எனப் பெயரிட்டனர். தம்பியை இடுப்பில் சுமந்து வந்த அக்காளும் இனிப் படிக்கலாம். மாடு மேய்ப்போருக்குப் புல்வெளியிலேயே பள்ளி நடந்தது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி என்ற பெயர் நாடெங்கும் பரவியது. பெயர் பரவிய அளவுக்கு முற்றத்துப் பேச்சு பரவவில்லை என்பதே உண்மை.

தமிழகத்தில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதற்கு ஓரளவு விலக்கு. ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை தளர்ந்த குழந்தைக்குத் தொண்ணூறு நாள் துணையுணவு. உடன், தாயிடம் விளக்கமும் உரையாடலும். ஊர்ப் பெண்கள் குழுவாகக் கூடி உணவு தயாரிப்பிலும் பங்கு பெற்றனர்.

மலைச்சரிவிலோ குடிசைப் பகுதியிலோ உதவ முன்வரும் அறக்கட்டளையினர், தட்டும் பாயும் வாங்குமுன், தாய்மார் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் அவர்கள் வாசலுக்குச் செல்லட்டும். காலைப் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கூலி இழக்க இயலாதவள் வரமாட்டாள்; உதவி தேவைப்படுவது அவள் குழந்தைக்கே.