வீடு கைமாறினால் குடியிருப்பவர் வெளியேற வேண்டுமா?

(மும்பைத் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



“வீட்டை விற்றாயிற்று, மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள்.” இந்தச் சொற்களைக் கேட்டு அஞ்சும் வாடகைக் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். விற்பனை என்பது இருவருக்கிடையே நடக்கும் பேரம். குடியிருக்கும் மூன்றாமவரின் உரிமையை அது தானாக அழித்துவிடாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 109ஆவது பிரிவில், பழைய உரிமையாளரின் உரிமைகளை வாங்குபவருக்கு அளிக்கிறது; குடியிருப்பவர் விரும்பினால் கடமைகளும் அவரையே சேரும். விற்பனையை அறியாமல் பழையவரிடம் செலுத்திய வாடகையை மீண்டும் கேட்க முடியாது. “ஆள் இருப்பது தெரியாமல் வாங்கிவிட்டேன்” என்ற வாதமும் செல்லாது. வீடு ஒருவர் வசத்தில் இருப்பதே வாங்குபவருக்கு அறிவிப்பு என்கிறது அதே சட்டம். ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்க நினைக்கும் நம் தோழர்களும் இதை மறந்துவிடலாகாது. முதலில் குடியிருப்பவரிடம் சென்று பேச வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு குத்தகை உரிமை உள்ளவருக்குத்தான். மும்பையில் இன்று பெரும்பாலும் எழுதப்படுவதோ பதினொரு மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ பத்திரம். அதில் நாம் வாடகைதாரர் அல்ல, அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி அந்த அனுமதி புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. பத்திரத்தின் தலைப்பை அல்ல, உட்பொருளைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே கூறியது உண்மைதான். எனினும் 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருப்புக்கான இத்தகைய எழுத்துப் பத்திரத்தில் கண்டவற்றையே முடிவான சான்றாக ஏற்கிறது. யாருக்குச் சாதகமாக எழுதப்பட்ட சட்டம் என்பதை விளக்கத் தேவையில்லை!

சூழ்ச்சி நடப்பது இங்கேதான். சால்களில் தலைமுறைகளாக வாழும் பக்டி வாடகைதாரரிடம், “உரிமையாளர் மாறிவிட்டார், புதிய பத்திரம் போடுவோம்” என்று லைசென்ஸ் தாளை நீட்டுகிறார்கள். கையெழுத்திட்டால், விற்பனையால் பறிக்க முடியாத உரிமையை நாமே எழுதிக் கொடுத்தவர்களாவோம். ஆகவே, உரிமை மாறியதற்கான சான்றைக் கேளுங்கள். முன்பணத்திற்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுங்கள். பழைய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாடகையை வாங்க மறுத்தால், அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால், அதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. உடனே கிளைக்குத் தெரிவியுங்கள். புதிய தாள் எதுவாயினும், கிளைத் தோழர்களும் ஒரு வழக்கறிஞரும் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.