விடுமுறை நாளை யாருக்கும் விற்காதீர்கள்



காஞ்சிபுரத்தில் இன்று ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான உழைப்பைப் பார்க்கலாம். அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார். மகன் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ போகிற கம்பெனி பஸ்ஸுக்காக, விடியுமுன்னே தெருமுனையில் நின்றிருப்பார். முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் தறிக்கு ராப்பகல் கிடையாது. ஆர்டர் கூடிவிட்டால் கம்பெனியில் ஓ.டி. "நாலு பக்கம் படிக்கணும், மாடியில நாலு செடி வைக்கணும்னு ஆசைதான். நேரம் எங்கே இருக்கு?" என்று இருவருமே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சோம்பேறித்தனம் பற்றிய பேச்சு இல்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். கரை நூலும் உடல் நூலும் சேருகிற இடத்தில் ஓர் இழை பிசகினாலும் சேலையில் தெரிந்துவிடும். இப்படி நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு, முழங்கால், கண் மூன்றும் கெஞ்சும். கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவருக்கு வலிக்கிற இடம்தான் வேறு.

உடம்பு இதை மறப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று அது சொன்னது. ஓ.டி. பணத்தைக் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வார விடுமுறை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை, உழைப்பாளர்கள் போராடிப் பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியவர் நம் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர், 1923-இல், சென்னையில். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது; வாரம் ஒரு நாள் ஓய்வு, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றும் வகுத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழ்நாட்டில் நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் கொடியேற்றி அன்றைக்குச் சரியாக 100 ஆண்டு.

தறிக்காரருக்கு இந்த மணிக்கணக்கு இல்லை. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணி நேரம் ஆனாலும் அதே கூலிதான். ஆனாலும் பல நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறியில் உட்காரும் வழக்கம் கிடையாது. சட்டம் வருவதற்கு முன்பே நம் பெரியவர்கள் உடம்புக்கு ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது பறிபோகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

சரி, அந்த நாளில் என்ன செய்வது? முதலில் தூங்குங்கள். வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடனை அடைக்காமல் எந்தப் புத்தகமும் மனதில் ஏறாது. எழுந்த பிறகு ஒரு மணி நேரம் புத்தகத்துக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். உழைக்கிறவன் நூலகம் தேடி வர முடியாதென்று 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அந்த முயற்சிக்குத் துணைநின்றார். நமக்கு நூலகம் தெருக்கோடியிலேயே இருக்கிறது.

தடித்த புத்தகத்தை எடுத்து மலைக்க வேண்டாம். அசோகமித்திரன் சிறுகதை ஒன்றை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். நம் வாழ்க்கையைப் படிக்க வேண்டுமா? கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டை ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' நாவலில் எழுதினார். கும்பகோணத்துப் பட்டு நெசவாளர்களைப் பற்றி 'வேள்வித் தீ' எழுதிய எம்.வி. வெங்கட்ராம், தாமே பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர்.

இனி செடி. வாரத்தில் ஆறு நாள் கவனிக்க முடியாதவர், ஆறு நாள் பொறுக்கிற செடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளியில் தொடங்கினால் மனம் ஒடிந்துபோகும். கற்பூரவள்ளி, தூதுவளை, கறிவேப்பிலை இவை நம்மை மன்னிக்கும். மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து பையை நிரப்புங்கள். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் காஞ்சிபுரத்து வெயிலும் அவ்வளவு சீக்கிரம் மண்ணைக் காயவிடாது. மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு தந்திருக்கிறது, இப்போது கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் நாடாவுக்கு நூலைத் தார் சுற்றி, கோர்வைக்குத் துணை உட்கார்ந்து, சமைத்து, பாத்திரமும் கழுவுகிற பெண்ணுக்கு எந்த நாள் விடுமுறை? ஆண்கள் புத்தகத்தோடு உட்கார, அவர் அடுப்படியிலேயே நின்றால் அந்த வீட்டில் யாரும் ஓய்வெடுத்ததாக அர்த்தமில்லை. ஞாயிறு காலைச் சமையலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் கையிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

கடனும் பள்ளிக் கட்டணமும் துரத்தும்போது ஓ.டி. பார்க்கத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆனால் வாரத்தில் அந்த ஒரு நாளை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். திரும்பி வரும்போது ஒரு செடி வாங்கி வாருங்கள்.